ஹைட்ரஜன் கலந்த எரிவாயு: குழாய்க் கணக்குகள் எங்கே நிற்கின்றன?

சூரத் அருகே கவாஸில் என்டிபிசி மின்நிலையம் இருக்கிறது. அதன் பணியாளர் குடியிருப்புக்குச் செல்லும் சமையல் வாயுக் குழாயில் 2023 ஜனவரியிலிருந்து ஹைட்ரஜனும் கலந்து போகத் தொடங்கியது. சூரிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பகுத்து எடுத்த ஹைட்ரஜன் அது. முதலில் கன அளவில் 5 சதவீதம் கலந்தார்கள், பிறகு 8 சதவீதமாக உயர்த்தினார்கள். அதற்கு ஓராண்டு முன்பே இந்தூர் நகரின் குழாய்களில் கெயில் நிறுவனம் 2 சதவீதத்தில் தொடங்கியிருந்தது. ஐரோப்பா இன்னும் முன்னே போய்விட்டது. நெதர்லாந்தின் ஆமெலாண்ட் தீவில் 2007 முதல் 2011 வரை 20 சதவீதம் வரை கலந்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 100 வீடுகளும் 30 கட்டடங்களும், பின்னர் வின்லேட்டன் என்ற ஊரில் 668 வீடுகளும் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சமைத்துக் குளிர்காய்ந்தன. அடுப்புகள் அணையவில்லை, எதுவும் வெடிக்கவில்லை.

இந்தச் சோதனைகளைப் பற்றிய செய்திகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எத்தனை சதவீதம் கலக்கலாம்? பொறியாளர்களின் மேசையில் இருக்கும் கேள்வி இதைவிடக் கடினமானது. ஒரு முனையில் கலக்கும் ஹைட்ரஜன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில், கிளைகளிலும் வளையங்களிலும் புகுந்து, எந்த வீட்டை எந்த மணிக்கு எந்த விகிதத்தில் எட்டும்? இதைக் குழாய் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு நூறு ஆண்டுகளாக எப்படி வளர்ந்தது, எதில் தேறியிருக்கிறது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சராசரி சதவீதம் என்ற ஒற்றை எண்ணை நம்பும் எந்த மாதிரியும் நுகர்வோருக்குப் பதில் சொல்லாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் கீழே.

எட்டில் ஒரு பங்கு எடை, மூன்றில் ஒரு பங்கு வெப்பம்

ஒரு கனமீட்டர் மீத்தேன் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில், ஏறத்தாழ 720 கிராம் எடை கொண்டது. அதே அளவு ஹைட்ரஜன் 90 கிராம்தான். எரித்தால் மீத்தேன் கனமீட்டருக்கு 39.8 மெகாஜூல் வெப்பம் தரும், ஹைட்ரஜன் 12.7 மெகாஜூல் தரும். எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜன்தான் சிறந்த எரிபொருள். ஆனால் குழாயில் இடம் கன அளவுக்குத்தான், எடைக்கு அல்ல.

இதிலிருந்தே முதல் உண்மை கிடைக்கிறது. 20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த மீத்தேன் கனமீட்டருக்கு 34.4 மெகாஜூல்தான் தரும். வெப்பம் 13.6 சதவீதம் குறைந்துவிட்டது. கிடைக்கும் வெப்பத்திலும் ஹைட்ரஜனின் பங்கு சுமார் ஏழரை சதவீதம் மட்டுமே. ஆகவே அடுப்பில் குறையும் கரியமில வாயுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். "20 சதவீதம் பசுமை" என்று விளம்பரப் பலகையில் எழுதினால் அது பொய்யல்ல, ஆனால் வாசிப்பவர் புரிந்துகொள்வது வேறாக இருக்கும்.

வெப்பம் இவ்வளவு குறைந்தும் அடுப்பு எரிவது எப்படி? அடுப்பின் சிறு துளை வழியே வாயு பாயும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். இலேசான வாயு வேகமாகப் பாய்ந்து வெப்ப இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. வெப்ப மதிப்பை ஒப்படர்த்தியின் (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தியின்) வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதை வோபே எண் என்கிறார்கள். தூய மீத்தேனுக்கு அது 53.4. 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 50.8. ஐந்து சதவீதச் சரிவுதான், அடுப்பு தாங்கும். ஐரோப்பிய அடுப்புகளையும் கொதிகலன்களையும் 23 சதவீதம் ஹைட்ரஜன் கொண்ட சோதனை வாயுவில் எரித்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடும் வழக்கம் முப்பது ஆண்டுகளாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

வோபே எண்ணுக்கு இன்னொரு முகம் உண்டு. அடுப்புத் துளைக்கான அதே வர்க்கமூலம் குழாய்க்கும் பொருந்தும். இரு முனைகளின் அழுத்தத்தையும் மாற்றாமல் வைத்தால், குழாய் கொண்டுசெல்லும் வெப்பம் வோபே எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்படிப் பார்த்தால் தூய ஹைட்ரஜன் மீத்தேனைவிடப் பத்து சதவீதம் மட்டுமே பின்தங்குகிறது. வோபே எண்ணைக் கலவை முழுவதற்கும் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது: அது மிகக் கீழே போவது தூய ஹைட்ரஜனில் அல்ல, 80 சதவீதத்தை ஒட்டிய கலவையில். அங்கே 44.4 வரை இறங்கி, தூய ஹைட்ரஜனில் 48 வரை மீண்டும் ஏறுகிறது. படிப்படியாகச் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போய் ஒருநாள் நூறைத் தொடலாம் என்று திட்டமிடுவோர், பாதையின் மோசமான பள்ளம் முடிவுக்குச் சற்று முன்னால் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இது ஒன்றும் புது வாயு அல்ல. நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய நகர வாயுவில் பாதியளவு ஹைட்ரஜன்தான். பிரிட்டன் 1967 தொடங்கிப் பத்தாண்டுகளில் அதை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ஹாங்காங்கில் 1862இல் தொடங்கப்பட்ட வாயு நிறுவனத்தின் குழாய்களில் இன்றும் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன் ஓடுகிறது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் தோசை சுடும் தமிழர்களும் ஹைட்ரஜன் நிறைந்த நகர வாயுவில்தான் சுடுகிறார்கள். அங்கெல்லாம் கலவையின் விகிதம் ஆலையிலேயே நிலைப்படுத்தப்படுகிறது, குழாயில் ஏறக்குறைய ஒரே வாயுதான் ஓடுகிறது. இன்றைய சிக்கல் வேறு. வெயிலையும் காற்றையும் நம்பி விளையும் ஹைட்ரஜன் ஒரு மணிக்கு வரும், அடுத்த மணிக்கு வராது.

பழைய சூத்திரங்கள்

குழாயில் வாயு ஓடும்போது அழுத்தம் எவ்வளவு குறையும் என்பதற்கு 1912இல் தாமஸ் வேமவுத் ஒரு சூத்திரம் தந்தார். நாற்பதுகளில் பான்ஹேண்டில் 'ஏ', 1956இல் பான்ஹேண்டில் 'பி' வந்தன. எல்லாவற்றின் எலும்புக்கூடும் ஒன்றே: தொடக்க, இறுதி அழுத்தங்களின் வர்க்க வித்தியாசம், ஓட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். அவை வேறுபடுவது உராய்வைக் கையாளும் விதத்தில். வேமவுத் உராய்வைக் குழாயின் விட்டத்தோடு மட்டும் கட்டினார். பான்ஹேண்டில் சூத்திரங்கள் ஓட்டத்தின் கொந்தளிப்பைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைச் சேர்த்தன, ஆனால் அன்றைய அமெரிக்க இயற்கை எரிவாயுவின் பாகுநிலையை மாறிலிக்குள்ளேயே அடக்கிவைத்துவிட்டன. மிச்சப் பிழைகளை எல்லாம் "குழாய்த் திறன்" என்ற பெயரில் ஒரு பெருக்கல் எண்ணில் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று.

ஒரே வாயு ஓடும்வரை இதில் கெடுதல் இல்லை. அந்தப் பெருக்கல் எண்ணை ஆண்டுக்கணக்கான அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்து வைத்திருப்பார்கள். ஹைட்ரஜன் கலந்த நாளில், எந்த வாயுவுக்காகச் சரிசெய்தார்களோ அந்த வாயுவே மாறிவிடுகிறது. அதனால் கலவை ஆய்வுகளில் 1939இல் வந்த கோல்புரூக் உராய்வுச் சமன்பாட்டுக்குத் திரும்புவதே முறை. அது குழாயின் சொரசொரப்பையும் ரெனால்ட்ஸ் எண்ணையும் தனித்தனியே கேட்கிறது. இன்றும் சில அறிக்கைகளில் பான்ஹேண்டில் சூத்திரத்தில் ஒப்படர்த்தியை மட்டும் மாற்றிப் போட்டு முடிவு சொல்கிறார்கள். குறைந்த விகிதங்களில் பிழை சிறியதுதான், ஆனால் அது எவ்வளவு சிறியது என்பதை அந்தச் சூத்திரத்தைக் கொண்டே அறிய முடியாது.

அடுத்த படி, அழுத்தத்தில் வாயுவின் நடத்தை. 70 பார் அழுத்தத்தில் மீத்தேன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்து, இலட்சிய வாயு விதி சொல்வதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஹைட்ரஜன் நேர்மாறாக விதி சொல்வதைவிடச் சில சதவீதம் கூடுதலாக இடம் கேட்கும். ஆகவே மேலே சொன்ன வோபே கணக்கில் தூய ஹைட்ரஜனுக்குக் கிடைத்த 90 சதவீதம், உயர் அழுத்தக் குழாயில் 80 சொச்சமாக இறங்குகிறது. குழாய்க்குள் சேர்ந்து நிற்கும் வாயுவை ஒரு சேமிப்பாக எடுத்துக்கொண்டால் இழப்பு இன்னும் பெரிது. அதே குழாயில், அதே அழுத்தத்தில், ஹைட்ரஜனாகச் சேரும் வெப்பம் மீத்தேனின் கால் பங்கைச் சற்றே தாண்டும். இரவில் நிரப்பிக் காலையில் செலவழிக்கும் இயக்குநர்களுக்கு இந்த எண்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த நடத்தையைக் கணிக்கும் நிலைச் சமன்பாடுகளில் தேர்வுகள் பல. 1976இல் வந்த பெங்–ராபின்சன் எளியது, வேகமானது, வேதித் துறை முழுவதும் பழகியது. ஆனால் மைனஸ் 240 டிகிரியில் மாறுநிலை கொண்ட ஹைட்ரஜன், அறை வெப்பநிலையில் அதன் அடிப்படை அனுமானங்களிலிருந்து வெகுதூரத்தில் நிற்கிறது. வாயு வணிகத்துக்கென்றே உருவான எஸ்ஜெர்க்-88 முறையின் வரம்பு 10 சதவீத ஹைட்ரஜனோடு முடிகிறது. இன்று உரைகல்லாகக் கருதப்படுவது ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பின்னர் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்ட ஜெர்க்-2008. இயற்கை வாயுவில் காணப்படும் 21 பொருள்களின் எந்தக் கலவைக்கும் அது பொருந்தும். ஹைட்ரஜனுக்கு அதுவும் போதாது என்று அதே போஹும் குழுவினர் 2021இல் மீத்தேன், நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கரியமில வாயு ஆகியவற்றோடு ஹைட்ரஜன் சேரும் இருமைக் கலவைகளுக்குப் புதிய சமன்பாடுகளை வெளியிட்டார்கள்.

எந்தச் சமன்பாட்டைத் தேர்வது என்று ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். நகர விநியோகக் குழாய்களின் நாலைந்து பார் அழுத்தத்தில் இந்த வாதத்துக்குப் பெரிய பொருளில்லை. அங்கே எல்லாச் சமன்பாடுகளும் ஏறக்குறைய ஒரே விடை தரும். நெடுந்தூர உயர் அழுத்தக் குழாய்களில்தான் தேர்வு முக்கியமாகிறது. இருந்தாலும் என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய பிழை ஊற்று நிலைச் சமன்பாடு அல்ல. அது வேறிடத்தில் இருக்கிறது.

அழுத்தம் முந்தும், கலவை பிந்தும்

100 கிலோமீட்டர் நீளக் குழாய் ஒன்று. வாயு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தொடக்கத்தில் ஒரு வால்வைத் திருகினால், அந்த அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் பயணப்பட்டு நாலைந்து நிமிடத்தில் மறுமுனைக்குத் தெரியும். அதே தொடக்கத்தில் ஹைட்ரஜன் கலக்கத் தொடங்கினாலோ, அது வாயுவோடு மிதந்தே வர வேண்டும். மறுமுனையை எட்ட ஐந்தரை மணி நேரம் ஆகும்.

இந்த இரட்டைக் கடிகாரம்தான் கலப்பு வாயு சிமுலேஷனின் மையச் சிக்கல். குழாய் ஓட்டத்தின் நிறைச் சமன்பாடும் உந்தச் சமன்பாடும் அழுத்த அலைகளைப் பின்தொடர்கின்றன. பல பத்தாண்டுகளாகவே இவற்றைக் கணினியில் தீர்க்கத் தெரியும். ஓசியாட்ஸ் 1987இல் எழுதிய வாயு வலையமைப்பு நூல் இன்றும் கையேடு. நேரப் படியைப் பெரிதாக வைத்துக்கொள்ள உதவும் உள்ளுறை முறைகள் வந்தபின், ஒரு நாட்டின் வலையமைப்பு முழுவதையும் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்க்கலாம். இயக்க அறைகளில் உள்ள வணிக மென்பொருள்கள் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. அவை அழுத்தத்துக்காகப் பிறந்தவை. கலவையைத் தடம்பிடிப்பது பிற்பாடு ஒட்டவைத்த வேலை.

ஒட்டவைத்ததில் என்ன பிழை? குழாயைக் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரிக்கிறோம். ஒவ்வொரு நேரப் படியிலும் ஒரு கட்டத்துக்குள் வந்த புதுக் கலவை அந்தக் கட்டம் முழுவதிலும் சமமாகக் கலந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. அடுத்த படியில் அந்த நீர்த்துப்போன கலவையே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கூர்மையாகத் தொடங்கிய ஹைட்ரஜன் முகப்பு, ஈரத்தாளில் விழுந்த மைபோல் பரவிக்கொண்டே செல்லும். இது இயற்கையின் பரவல் அல்ல, கணக்கின் பரவல்.

இயற்கையின் பரவல் எவ்வளவு என்பதற்கு ஜி. ஐ. டெய்லர் 1954இலேயே விடை தந்துவிட்டார். கொந்தளிப்பான ஓட்டத்தில் குழாயின் நடுப்பகுதி வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போவதால் ஏற்படும் நீளவாட்டுப் பரவலை அவருடைய சூத்திரம் தருகிறது. அரை மீட்டர் விட்டக் குழாயில் மேலே சொன்ன வேகத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தால், 100 கிலோமீட்டர் வந்த பிறகும் முகப்பின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 140 மீட்டர்தான். எளிய முதல்நிலைக் கணக்குமுறையில், கிலோமீட்டர் கட்டங்களில், நேரப் படி சிறியதாக இருக்கும்போது அதே முகப்பின் விலக்கம் சுமார் 10 கிலோமீட்டர். எழுபது மடங்கு மிகை.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஹைட்ரஜன் முகப்பு ஒரு வாடிக்கையாளரின் மீட்டரைக் கடக்க உண்மையில் ஓரிரு நிமிடம் போதும். மாதிரி, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்வதாகக் காட்டும். வாயுச் சுழலி வைத்திருக்கும் மின்நிலையத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. அதன் எரிகலன் மெதுவான மாற்றத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், திடீர் மாற்றத்தில் தடுமாறும். மாதிரியில் எல்லாம் சுமுகமாகத் தெரிவதற்குக் காரணம் குழாய் அல்ல, கட்டத்தின் அகலம். அறிக்கையில் அழகாக வளைந்து ஏறும் கோட்டைப் பார்த்தால் முதலில் கட்டத்தின் அகலத்தைக் கேளுங்கள்.

பரிகாரங்கள் உண்டு. முகப்பைக் கூர்மையாகவே வைத்திருக்கும் உயர்நிலைக் கணக்குமுறைகள் ஒரு வழி. வாயுவைப் பொட்டலங்களாக எண்ணி, ஒவ்வொரு பொட்டலமும் எங்கே போகிறது என்று அதோடு கூடவே நகரும் முறை இன்னொரு வழி. 2018இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று இவ்வகை முறைகளை அருகருகே வைத்துப் பார்த்தது. பொட்டல முறையில் செயற்கைப் பரவல் அறவே இல்லை, ஆனால் கிளைகள் சேரும் முனைகளில் பொட்டலங்கள் பெருகிக்கொண்டே போகும். ஒற்றைக் குழாய்க்கு அதுவே சிறந்தது. நகர வலையமைப்புக்கு உயர்நிலைக் கணக்குமுறைதான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

வளையங்களும் நின்றுபோகும் ஓட்டமும்

ஒற்றைக் குழாயை விட்டு வலையமைப்புக்கு வந்தால் சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. வளையமாக இணைந்த குழாய்களில் வாயு எந்தப் பக்கம் ஓடும் என்பதை அழுத்தங்கள் தீர்மானிக்கின்றன. அழுத்தம் கலவையைப் பொறுத்தது. கலவையோ ஓட்டத்தின் திசையைப் பொறுத்தது. மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. 1936இல் ஹார்டி கிராஸ் தண்ணீர்க் குழாய்களுக்குக் கண்டுபிடித்த வளையக் கணக்கோ, பின்னர் வந்த நியூட்டன் முறையோ, திசை தெளிவாக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். ஒரு குழாயில் ஓட்டம் பூஜ்ஜியத்தை நெருங்கி மாறி மாறித் திரும்பும்போது, அதன் முனையில் எந்தக் கலவையை எடுத்துக்கொள்வது என்று கணினிக்குத் தெரிவதில்லை. விடை ஒருங்காமல் ஊசலாடும்.

சேரும் முனைகளில் வாயுக்கள் உடனே முழுமையாகக் கலந்துவிடும் என்பது ஏறக்குறைய எல்லா மாதிரிகளின் அனுமானம். ஹைட்ரஜன் செலுத்தும் இடத்தில் இது சரியல்ல. எட்டு மடங்கு இலேசான வாயு குழாயின் கூரையை ஒட்டிச் சில தூரம் தனியே ஓடும். எவ்வளவு தூரம் என்பது ஓட்டத்தின் வேகத்தையும், செலுத்தும் துளை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் பொறுத்தது. அங்கே மட்டும் முப்பரிமாண ஓட்டக் கணிப்பு தேவை. கலவையை அளக்கும் கருவியை அந்தத் தூரத்துக்குள் வைத்தால் அளவீடு பொய்யாகும்.

இதற்கு மறுபுறம் ஓர் அச்சமும் உலவுகிறது: கலந்த ஹைட்ரஜன் பிறகு பிரிந்து அடுக்குமாடிகளின் உச்சியில் சேர்ந்துவிடாதா? சேராது. மூலக்கூறுகளின் வெப்ப அசைவு ஈர்ப்பைவிட மிக வலியது. 100 மீட்டர் உயரமுள்ள, அசைவற்ற குழாயில் நெடுநாள் நின்றால்கூட, மேலேயும் கீழேயும் உள்ள ஹைட்ரஜன் விகிதத்தில் வேறுபாடு நூற்றில் ஒரு பங்கையும் எட்டாது.

இந்தியக் குழாய்களுக்கு வருவோம். சூரிய ஒளியில் விளையும் ஹைட்ரஜன் நண்பகலில் உச்சத்தில் இருக்கும். நம் வீட்டு அடுப்புகள் காலையிலும் மாலையிலும்தான் மும்முரமாக எரிகின்றன. மதியச் சமையல் முடிந்த இரண்டு மணிக்கு ஓட்டம் அடங்கியிருக்கும்போது, காலையில் கலந்த அதே அளவு ஹைட்ரஜனைச் செலுத்தினால் விகிதம் எகிறும். இடையில் ஒரு தொட்டி வைத்து, ஓட்டத்தை அளந்து, விகிதம் பார்த்துச் செலுத்த வேண்டும். அந்தத் தொட்டியின் அளவைச் சராசரி நாள் கணக்கு தராது. மணிக்கு மணி ஓட்டும் மாதிரிதான் தரும். ஐரோப்பிய ஆய்வுகளில் பருவத்தோடு மாறும் குளிர்காயும் தேவையே ஆட்சி செய்கிறது. அவற்றின் முடிவுகளை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

அமுக்கி நிலையங்களையும் எஃகையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். சுழல் அமுக்கி ஒரு வாயுவை ஒரே விகிதத்தில் அழுத்தச் செலவிடும் வேலை, எடைக்கு எடை, மூலக்கூற்று எடைக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 20 சதவீதக் கலவைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், தூய ஹைட்ரஜனுக்கு எட்டு மடங்கு. சில சதவீதங்கள்வரை இருக்கும் இயந்திரங்கள் சமாளிக்கும், தூய ஹைட்ரஜனுக்கு வேறு இயந்திரம் வேண்டும். எஃகில் ஹைட்ரஜன் ஊடுருவி விரிசல்களை வேகமாக வளர்க்கிறது. அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றும் அதற்குத் தீனி. ஓட்ட மாதிரி தரும் அழுத்த வரலாறுதான் எஃகின் ஆயுள் கணக்குக்கு உள்ளீடு. இந்த இரண்டு துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த ஆய்வுகள் குறைவு. அமெரிக்காவின் தேசிய ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் ஹைபிளெண்ட் திட்டம் அந்த வகையில் குறிப்பிடத்தக்கது. வெப்பநிலையையும் விட்டுவிடக் கூடாது. அழுத்தம் குறையும்போது மீத்தேன் பாருக்கு அரை டிகிரி அளவில் குளிரும், ஹைட்ரஜன் மாறாக மிகச் சிறிதளவு சூடாகும். வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொள்ளும் மாதிரிகள் அழுத்தம் குறைக்கும் நிலையங்களில் பிழைபடும்.

எதோடு ஒத்துப் பார்ப்பது?

எந்த மாதிரியும் அளவீட்டோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். இங்கேதான் துறை வறுமையில் இருக்கிறது. நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை சிறு விநியோக வலையமைப்புகளில், குறைந்த அழுத்தத்தில், சில கிலோமீட்டர் தூரத்தில் நடந்தவை. உயர் அழுத்தக் குழாயில் நடந்தவற்றில் பெயர் சொல்லத்தக்கது, இத்தாலியில் ஸ்னாம் நிறுவனம் 2019இல் கொன்டுர்சி தெர்மேயில் முதலில் 5, பிறகு 10 சதவீதம் கலந்து ஒரு பாஸ்தா ஆலைக்கும் ஒரு தண்ணீர் நிரப்பும் ஆலைக்கும் அனுப்பியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில், மாறிக்கொண்டே இருக்கும் விகிதத்தில் எடுத்த, எல்லோரும் பார்க்கக்கூடிய தரவு அரிது. ஆகவே ஆய்வாளர்கள் ஒருவர் மாதிரியை இன்னொருவர் மாதிரியோடு ஒப்பிட்டுத் திருப்திப்படுகிறார்கள். பெர்லின் ஆய்வகம் ஒன்று வெளியிட்ட காஸ்லிப் மாதிரி வலையமைப்புகள் இதற்குப் பொதுக் களமாக உதவுகின்றன. ஆனால் இரு மாதிரிகள் ஒத்துப்போவதால் இரண்டும் சரி என்றாகாது, ஒரே அனுமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு மாதிரிகள் ஒரே இடத்தில்தான் தவறும். அண்மையில் நரம்பு வலையமைப்புகளை இந்த மாதிரிகளின் விடைகளிலேயே பழக்கி, "ஆயிரம் மடங்கு வேகம்" என்று வெளியிடும் கட்டுரைகள் பெருகுகின்றன. கற்றுக்கொடுத்த மாதிரியில் இருந்த செயற்கைப் பரவலையும் அவை சேர்த்தே கற்றுக்கொள்கின்றன.

அளக்கும் கருவிகளும் பழைய வாயுவுக்காகச் செய்தவை. வாயுவின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவிகள் பல, ஹீலியத்தைக் கடத்தியாகக் கொண்டவை. ஹீலியமும் ஹைட்ரஜனும் வெப்பம் கடத்துவதில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அந்தக் கருவிக்கு ஹைட்ரஜன் சரியாகக் கண்ணில் படாது. ஆர்கானுக்கு மாற்ற வேண்டும், அல்லது வேறு உணரி வைக்க வேண்டும். எல்லா முனையிலும் இதை வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஜெர்மனியில், சில முனைகளில் அளந்து, இடைப்பட்ட முனைகளின் வெப்ப மதிப்பைச் சிமுலேஷனால் கணக்கிட்டு, அந்தக் கணக்கை வைத்தே பில் போடும் முறைக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் உண்டு. மாதிரியின் பிழை அங்கே நேராக ஒருவரின் பணப்பையில் தெரியும். அந்தப் பொறுப்பே மாதிரிகளை ஒழுங்காக வைத்திருக்கிறது.

டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் வீட்டுக் குழாய் வாயுவின் விலை கனமீட்டர் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் ஒவ்வொரு கனமீட்டரிலும் 3.4 சதவீத வெப்பம் குறையும், 8 சதவீதத்தில் ஐந்தரை சதவீதம் குறையும். சோறு வேக அதே வெப்பம்தான் வேண்டும் என்பதால் மீட்டர் கூடுதலாக ஓடும். ஹைட்ரஜன் செலுத்தும் இடத்துக்கு அருகே இருப்பவர் அதிகம் இழப்பார், வேறு மூலத்திலிருந்து வாயு வரும் தெருவில் இருப்பவர் இழக்கமாட்டார். இருவருக்கும் ஒரே கட்டணம். நகரம் முழுவதற்குமான சராசரி விகிதத்தை வைத்துக் கழிவு கொடுத்தாலும் இந்த அநீதி தீராது.

கலப்பை எதிர்ப்பது என் நோக்கமல்ல. சில சதவீதங்கள்வரை குழாய் தாங்கும், அடுப்பும் தாங்கும் என்பதில் இந்த ஆய்வுகளுக்கிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஐரோப்பிய ஒன்றியம்கூட நாடுகளுக்கிடையிலான குழாய்களில் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. இங்கே 8 சதவீதத்தைத் தாண்டி நகர வலையமைப்புகளுக்கு அனுமதி தரும் முன், எரிவாயு ஒழுங்காற்று வாரியம் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும்: கலவையை முனைவாரியாக, மணிவாரியாகத் தடம்பிடிக்கும் மாதிரி, அதன் பிழை வரம்பைச் சரிபார்க்கப் பொதுவில் வெளியிடப்படும் அளவீடு, கனமீட்டருக்குப் பதில் வெப்பத்துக்குப் போடும் பில். கலந்த வாயு உங்கள் தெருவுக்கு வருவதாக அறிவிப்பு வந்தால், எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கனமீட்டருக்கு எத்தனை மெகாஜூல், அதை எங்கே அளந்தீர்கள் என்றும் கேளுங்கள்.